போகும் நாள் தெரியும், திரும்பும் நாள் தெரியாது: நெடுநடைப் பாதைக்கு ரயிலா, பஸ்ஸா, ஷட்டிலா?

கார் இல்லாமல் ஒரு நெடுநடைப் பாதைக்குப் போய்ச் சேர எது நல்ல வழி என்று கேட்பவர்கள் ஏறத்தாழ எல்லோருமே கேள்வியைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ரயிலில் போகலாமா, ஊர் பஸ் இருக்கிறதா, நடைப்பயணிகளைப் பாதை வரை கொண்டுவிடும் தனியார் ஷட்டில் வண்டிக்கு முன்பணம் கட்டட்டுமா என்று பேச்செல்லாம் போவதைப் பற்றித்தான். வருவதற்கு ஏதாவது கிடைக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

போகும் நாளை நாம் குறிக்கிறோம். விடுப்பு எடுத்து, பையைக் கட்டி, காலண்டரில் வட்டம் போட்டுக் கிளம்புகிறோம். திரும்பும் நாளைக் குறிப்பது முழங்காலும் மழையும் குதிகால் கொப்புளமும். பத்து நாள் நடை பன்னிரண்டு நாளாகும். கணுக்கால் பிசகினால் மூன்றாம் நாளே முடிந்தும் போகும். எனவே ஒரு வண்டி எவ்வளவு வேகமாகக் கொண்டுபோய் விடுகிறது என்பதைவிட, நாம் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வராவிட்டால் அது நம்மை எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு முறை ஐந்து நாள் நடையை முடித்துக்கொண்டு மலையடிவாரக் கிராமம் ஒன்றின் பஸ் நிறுத்தத்துக்கு மாலை நாலரை மணிக்கு வந்து சேர்ந்தேன். கம்பத்தில் கண்ணாடிச் சட்டம், அதற்குள் அட்டவணை. 4.50க்கு ஒரு பஸ். பையை இறக்கிவைத்து, ஈரக் காலுறையைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, பொழுது போகாமல் அட்டவணையை மறுபடி படித்தேன். 4.50க்குப் பக்கத்தில் எறும்பு அளவில் ஓர் எழுத்து. அதற்கான விளக்கம் அட்டவணையின் அடியில், சட்டத்தின் விளிம்பு மறைத்த இடத்தில் இருந்தது: பள்ளி நாட்களில் மட்டும். பள்ளி மூடி இரண்டு நாள் ஆகியிருந்தது. அடுத்த பஸ் மறுநாள் காலை 7.10க்கு.

## எதை வைத்து எடை போடுவது

கடைசி இடைவெளி. வண்டி இறக்கிவிடும் இடத்துக்கும் பாதையின் முதல் அடையாளக் குறிக்கும் இடையே எவ்வளவு தூரம்? இரண்டு கிலோமீட்டர் என்றால் அதுவும் நடையில் சேர்த்தி. பதினைந்து என்றால், அதுவும் தார்ச்சாலை ஓரமாக என்றால், முதல் நாளின் பாதி அதிலேயே போய்விடும்.

ஓடும் நாளும் பருவமும். வார நாளா, ஞாயிறா, பள்ளி நாளா, கோடைக்காலம் மட்டுமா?

தவறவிட்டால் என்ன ஆகும். அடுத்த வண்டி ஒரு மணி நேரத்திலா, மறுநாளா, அடுத்த வாரமா? என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது இதுதான்.

நடுவில் விலக வழி. பாதையின் இடையில் எத்தனை இடத்தில் அந்த வண்டியைப் பிடிக்க முடியும்?

டிக்கெட்டில் தெரியாத செலவு. கூடுதலாகத் தங்கும் ஓர் இரவு, ரத்தாகும் முன்பதிவு, இருவர் இருக்கையில் தனியாக உட்கார்ந்து முழு வண்டிக்கும் கொடுக்கும் வாடகை.

## ரயில்

ரயில் நிலையத்திலிருந்தே பாதை தொடங்குமானால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பாதைகள் நினைப்பதைவிட அதிகம். இங்கிலாந்தின் முதல் தேசிய நடைப்பாதையான பென்னைன் வே (1965ல் திறக்கப்பட்டது, 431 கி.மீ.) தொடங்கும் ஈடேல் கிராமம் மான்செஸ்டர்–ஷெஃபீல்ட் ரயில் தடத்தில் இருக்கிறது, இறங்கிச் சில நிமிடங்களில் பாதையில் கால் வைத்துவிடலாம். ஸ்வீடனின் குங்ஸ்லேடன் பாதையின் வடமுனையான அபிஸ்கோவில், மலை விடுதிக்கு எதிரிலேயே ரயில் நிற்கிறது. பிரான்ஸின் கோர்சிகாத் தீவிலுள்ள ஜிஆர்20 பாதை இன்னும் சுவாரசியமானது. ஏறத்தாழ 180 கி.மீ. நீளமுள்ள அந்தக் கடினமான பாதையின் இரு முனைகளிலும் ரயில் இல்லை. நட்டநடுவில் விட்சவோனா என்ற இடத்தில் இருக்கிறது. பாதியில் கைவிட நினைப்பவருக்கும், பாதியை மட்டும் நடக்க வந்தவருக்கும் அந்தச் சின்ன நிலையம் பெரிய வசதி.

ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலேண்ட் வே (154 கி.மீ., 1980) ரயில் பயணிக்கென்றே போட்டதுபோல இருக்கும். தொடக்க ஊரிலும் முடியும் ஃபோர்ட் வில்லியத்திலும் நிலையங்கள்; இடையில் கிரியன்லாரிக், டைண்ட்ரம், பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி என்று பாதையை ஒட்டியே ரயிலும் வருகிறது. தொடக்க ஊரின் பெயர் எழுத்தில் மில்ன்கேவி; சொல்வதோ 'மல்கை'. டிக்கெட் கேட்கும்போது இது உதவும். இந்த வழியில் எனக்குப் பிடித்த பொறி டைண்ட்ரம். சில பத்து வீடுகள் மட்டுமே உள்ள அந்தக் கிராமத்தில் இரண்டு ரயில் நிலையங்கள்: பள்ளத்தாக்கின் ஒரு சரிவில் ஃபோர்ட் வில்லியம் தடத்துக்கு அப்பர் டைண்ட்ரம், மறு பக்கம் ஓபன் தடத்துக்கு டைண்ட்ரம் லோயர். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதில் வரும் ரயிலுக்காகக் காத்திருந்தால் அது வரும். எதிர்ச்சரிவில் வந்து, நின்று, போய்விடும்.

நிலையம் இருக்கிறது என்பதாலேயே ரயில் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் அப்பலேச்சியன் பாதையில் இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. நியூயார்க்கிலிருந்து வடக்கே போகும் மெட்ரோ-நார்த் ஹார்லெம் தடத்தில், பாதையின் பெயரையே தாங்கிய ஒரு குட்டி நிறுத்தம் இருக்கிறது. வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் சில ரயில்கள் மட்டுமே அங்கே நிற்கும். அதே பாதை கடந்து போகும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் நிலைமை நேர்மாறு. வாஷிங்டனுக்கு ஓடும் மார்க் புறநகர் ரயில் வார நாட்களில் மட்டும் உண்டு. காலையில் நகரத்தை நோக்கிப் போகும், மாலையில் திரும்பும். அது அலுவலகம் போகிறவர்களுக்கான ரயில். காலையில் நகரத்திலிருந்து புறப்பட்டு மலைக்குப் போக நினைப்பவருக்கு அதில் இடமில்லை. நெடுந்தூர ஆம்ட்ராக் ரயில் தினமும் அங்கே நிற்பதால் தப்பித்தோம்.

ரயிலில் மறைந்திருக்கும் செலவு டிக்கெட்டின் வகையில் இருக்கிறது. முன்கூட்டியே வாங்கும் மலிவு டிக்கெட், குறித்த ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும். போவதற்கு அது மிக நல்ல பேரம். வருவதற்கு அதை வாங்கினால், நடையின் கடைசி இரண்டு நாளையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். வருவதற்கு எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டைக் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம். இரவு ரயில்களில் படுக்கை முன்பதிவு கட்டாயம் என்பதால் அவையும் போவதற்குத்தான் பொருத்தம். லண்டனிலிருந்து ஃபோர்ட் வில்லியத்துக்கு ஓடும் இரவு ரயில் பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கியிலும் நிற்கும். காலையில் கண் விழித்துப் பாதையிலேயே இறங்கலாம். சனிக்கிழமை இரவு மட்டும் அது ஓடாது.

## தடம் ஓடும் ஊர் பஸ்

ரயிலைவிட நூறு மடங்கு இடங்களுக்குப் போவதும், ரயிலைவிட நூறு மடங்கு குழப்புவதும் இதுதான்.

கிராமத்து பஸ் யாருக்காக ஓடுகிறது என்று முதலில் யோசிக்க வேண்டும். நமக்காக அல்ல. பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள், நகரத்தில் வேலை பார்ப்பவர்கள்: இவர்களின் நாள் எப்படியோ அப்படித்தான் அட்டவணையும். காலையில் கிராமத்திலிருந்து நகரம், மாலையில் நகரத்திலிருந்து கிராமம். நடைப்பயணிக்கு வேண்டியது இதற்குத் தலைகீழ்: காலையில் நகரத்திலிருந்து மலைக்கு, மாலையில் மலையிலிருந்து நகரத்துக்கு. பஸ்ஸே இல்லை என்று பலர் முடிவுகட்டும் ஊர்களில் பஸ் இருக்கிறது. அவர்கள் தேடும் திசையிலும் நேரத்திலும் இல்லை.

இது புரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. போகும்போது முந்தின நாள் மாலை பஸ்ஸிலேயே கிராமத்துக்குப் போய்த் தங்கிவிட்டு விடியற்காலையில் நடக்கத் தொடங்கலாம். வரும்போது கடைசி நாளை மாலையில் பஸ்ஸைப் பிடிக்கும் ஓட்டமாக ஆக்காமல், பாதை முடிவில் தங்கி மறுநாள் காலை, ஊரோடு சேர்ந்து நகரத்துக்குக் கிளம்பலாம். இரண்டு இரவு கூடுதல் தங்கல்தான் பஸ்ஸின் உண்மையான விலை. டிக்கெட் மலிவு என்று மகிழ்வதற்கு முன்னால் அதையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பருவ பஸ்கள் வேறு ரகம். இவை நடைப்பயணிகளையும் சுற்றுலாப் பயணிகளையும் நம்பி ஓடுபவை. நேரமும் திசையும் நமக்கு ஒத்துவரும். குங்ஸ்லேடனிலிருந்து விலகி வருபவர்களை நிக்கலுவோக்தாவிலிருந்து கிருனாவுக்குக் கொண்டுவரும் பஸ், மோன் பிளான் மலையைச் சுற்றும் பாதையில் இத்தாலியப் பக்க ஃபெரெ பள்ளத்தாக்குக்கு கூர்மயூரிலிருந்து போகும் கோடைக்கால பஸ் எல்லாம் இந்த வகை. இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டி ஓடும் பஸ்ஸின் தட எண் ஏடி122. சுவரைக் கட்டத் தொடங்கிய கி.பி. 122ஆம் ஆண்டையே (ஆங்கிலத்தில் ஏ.டி. 122) எண்ணாக வைத்துவிட்டார்கள். ஒரு பஸ் எண்ணை மறக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பருவ பஸ்ஸின் ஆபத்து அது நின்றுபோகும் தேதி. பருவத்தின் கடைசி வாரத்தில் நடையைத் தொடங்கினால், போகும்போது ஓடிய பஸ் வரும்போது ஓடாது.

ஞாயிறு, வார நாள் வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய கேம்போவிலிருந்து தொடங்கும் பசிபிக் கிரெஸ்ட் பாதைக்கு (சுமார் 4,265 கி.மீ.) சான் டியேகோ பகுதியிலிருந்து பொது பஸ்ஸிலேயே போய்விடலாம், ஆனால் வார நாட்களில் மட்டும். ஐந்து மாதம் நடக்கப் போகிறவருக்குச் சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றும். தொடக்கத் தேதியைக் குறித்த அனுமதிச் சீட்டு கையில் இருந்தால், வித்தியாசம் உண்டு.

நல்லபடியாக நடக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். சுவிட்சர்லாந்தில் 1982 முதல் நாடு முழுவதும் சீரான இடைவெளியில் ஓடும் அட்டவணை. ஒவ்வொரு மணி நேரமும் அதே நிமிடத்தில் வண்டி; ரயில் வந்து சேரும் நேரத்தை ஒட்டி மஞ்சள் நிற போஸ்ட் பஸ் கிளம்பும். அங்கே நான் இங்கே சொல்லும் பாதி எச்சரிக்கைகள் தேவையில்லை. மலையேறுகிறவர்கள் அந்த நாட்டில் கெட்டுப்போய், மற்ற நாடுகளில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

ஜப்பானின் குமானோ கோதோ புனிதப் பாதைக்கும் பஸ்தான் வாசல்: கீ-தனபே ரயில் நிலையத்திலிருந்து நாற்பது நிமிடம் போல ஓடித் தகிஜிரியில் பாதையின் தொடக்கத்தில் இறக்கிவிடுகிறது. அந்த மலைப் பகுதியில் பஸ் பாதையை அங்கங்கே தொட்டுக்கொண்டே போவதால், களைத்தவர்கள் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டு மேலே தொடரலாம்.

பாதைக்கு இணையாக ஓடும் பஸ் கிடைத்துவிட்டால் வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை (1,014 கி.மீ.) ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஒரே ஊரில் நாலைந்து நாள் தங்கி, காலையில் பஸ்ஸில் போய் ஒரு கட்டத்தை நடந்து, மறுநாள் அடுத்த கட்டத்தை நடக்கலாம். கனத்த பையைச் சுமக்க வேண்டாம். இதில் நான் விடாமல் பின்பற்றும் ஒரு வழக்கம்: காலையில் பஸ்ஸில் போய், தங்கியிருக்கும் ஊரை நோக்கி நடந்து வருவேன். பஸ்ஸுக்கு நேரம் உண்டு, என் அறைக்கு நேரம் கிடையாது. முதலில் நடந்துவிட்டு மாலை பஸ்ஸை நம்பினால் கடைசி ஐந்து கிலோமீட்டரில் கடலைப் பார்க்க மாட்டீர்கள், கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பீர்கள்.

இன்னும் ஒன்று. கைபேசி வரைபடம் "வழி இல்லை" என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவத்தில் பஸ் நிறுவனங்கள் தரும் தரவை வைத்துத்தான் அந்தச் செயலிகள் வழி காட்டுகின்றன. 2005ல் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்தோடு தொடங்கிய ஏற்பாடு அது. இரண்டே வண்டி வைத்திருக்கும் சின்ன நிறுவனம் தன் அட்டவணையை அந்த வடிவத்தில் தரவில்லையென்றால், செயலியைப் பொறுத்தவரை அந்த பஸ் உலகத்திலேயே இல்லை. வட்டார நிர்வாகத்தின் இணையதளத்தில் அட்டவணையாகவோ, தங்கும் விடுதிக்காரரின் நினைவிலோ அது இருக்கும். விடுதிக்காரரை நான் அதிகம் நம்புவேன்.

## அழைத்தால் வரும் வண்டி

ஆள் குறைந்த வட்டாரங்களில் தடம் ஓடும் பஸ்ஸை நிறுத்திவிட்டு, முன்பதிவு செய்தால் மட்டும் வரும் சிறு வண்டியை விடுகிறார்கள். ஜெர்மனியில் இதற்கு ரூஃப்பஸ், அதாவது அழைப்பு பஸ் என்று பெயர். அட்டவணையில் நேரம் அச்சாகியிருக்கும். பக்கத்தில் தொலைபேசிப் படம் ஒன்று இருக்கும். அந்தப் படத்தைக் கவனிக்காமல் நிறுத்தத்தில் நின்றால் வண்டி வராது. யாரும் கூப்பிடவில்லையே, எதற்கு வர வேண்டும்?

போவதற்கு இது அருமை. நகரத்தில் உட்கார்ந்து, நல்ல சிக்னலில், முந்தின நாளே பதிந்துவிடலாம். காலியான பஸ் ஒன்று வந்து நம் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் வரை போகும்போது சற்றுக் கூச்சமாகக்கூட இருக்கும்.

வருவதற்கு இதுவே சோதனை. ஒரு மணி நேரம் முன்னால், சில இடங்களில் முந்தின நாளே, சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது. பதிவு செய்யும் எண்ணை அலுவலக நேரத்தில் மட்டும் எடுப்பார்கள். நாலைந்து பேராகப் போனால், பைகளோடு எல்லோருக்கும் இடம் இருக்காது. இதற்கு நான் கண்ட ஒரே வழி, கடைசி முகட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்திலேயே நின்று கூப்பிட்டுவிடுவது. இறங்கிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இருப்பது. தனியாக அல்லது இருவராகப் போகிறவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

## ஷட்டிலும் டாக்சியும்

பொதுப் போக்குவரத்து கைவிட்ட இடத்தில் தொடங்குவது இந்த வழி. அப்பலேச்சியன் பாதையின் தென்முனையான ஸ்பிரிங்கர் மலைக்குப் பொது வண்டி கிடையாது. அட்லாண்டாவின் மெட்ரோ ரயிலில் வடகோடியான நார்த் ஸ்பிரிங்ஸ் வரையோ, ஆம்ட்ராக்கில் கெயின்ஸ்வில் வரையோ போய், அங்கிருந்து நடைப்பயணிகளுக்கான ஷட்டிலைப் பிடிப்பதுதான் வழக்கம். நியூசிலாந்தின் நீளத்தை நடக்கும் தே அராரோவா பாதையின் (சுமார் 3,000 கி.மீ., 2011ல் திறக்கப்பட்டது) வடமுனையான கேப் ரெயிங்காவுக்கும் அன்றாட பஸ் கிடையாது; சுற்றுலா வண்டியிலோ ஷட்டிலிலோதான் போய்ச் சேர வேண்டும்.

விலை அதிகம் என்று எல்லோரும் புலம்புவார்கள். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷட்டிலுக்கு ஆளுக்கு இவ்வளவு என்றா, வண்டிக்கு இவ்வளவு என்றா? வண்டிக்கு என்றால், நாலு பேர் சேர்ந்தால் பஸ் கட்டணத்தோடு கூடுதல் தங்கலையும் சேர்த்த தொகையைவிடக் குறைவாகவே வரும். தனியாளுக்கு அது தண்டம். ஆளுக்கு என்றால், குறைந்தபட்சம் எத்தனை பேர் சேர்ந்தால் வண்டி கிளம்பும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ரத்து செய்தால் நம் பயணமும் போய்விடும்.

விமானத்தில் வருபவர்களுக்கு ஷட்டிலில் ஒரு வசதி உண்டு. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுவரவே முடியாது. வழியில் நிறுத்தி வாங்கிக்கொள்ள ஷட்டில்காரர் ஒப்புக்கொள்வார். பஸ் ஓட்டுநரிடம் அதைக் கேட்க முடியாது.

திரும்புவதற்கு ஷட்டிலை நாள் குறித்துப் பதிவதை நான் விரும்புவதில்லை. ஓட்டுநர்கள் இரண்டு மூன்று பேரின் எண்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நாள் முன்னால் கூப்பிடுவது மேல்.

## படகு

ஒன்றிரண்டு இடத்தில்தான் இந்தக் கேள்வி எழும். எழுந்தால் மாற்று வழியே இருக்காது. பசிபிக் கிரெஸ்ட் பாதையின் வடபகுதியில் ஸ்டெஹீக்கின் என்ற ஊருக்கு வெளியுலகத்திலிருந்து சாலையே இல்லை; ஏரியில் படகு வருகிறது. ஸ்காட்லாந்தின் நோய்டார்ட் பகுதிக்கு மல்லெய்க்கிலிருந்து படகு. தென்மேற்குக் கடலோரப் பாதையில் ஆற்று முகங்களைக் கடக்கும் படகுகளில் சில பருவத்தில் மட்டும் ஓடும். ஓடாத மாதத்தில் ஆற்றைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். காற்றடித்தால் படகு நிற்கும் என்பதற்காக ஒரு நாளைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

## சொந்தக் கார்

இவ்வளவு தொல்லைக்கு காரிலேயே போய்விடலாமே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வரும் பாதைக்கு, மூன்று நாலு பேர் சேர்ந்து போவதற்கு, பருவ பஸ் நின்ற பிறகு நடக்கும் நடைக்கு கார் நல்லதுதான். நேர்க்கோட்டுப் பாதையில் அது கட்டுத்தறி. நூற்றைம்பது கிலோமீட்டர் நடந்து முடித்தவுடன், தொடங்கிய இடத்தில் நிற்கும் காருக்காக ஒரு முழு நாள் பயணம் செய்ய வேண்டும். பல நாள் ஆளில்லாத காட்டோர நிறுத்தத்தில் நிற்கும் கார் திருடர்களுக்கு எளிய குறி. நடுவில் வேறு பள்ளத்தாக்குக்கு இறங்கலாம் என்று மனம் மாறினால், கார் விடாது.

கார் இருந்தே தீர வேண்டுமென்றால் பாதை முடியும் ஊரில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ தொடக்கத்துக்குப் போங்கள். முதல் நாள் காலை வண்டி நேரம் தெரிந்த ஒன்று. அதற்குத் தயாராக இருப்பது எளிது. பிறகு காரை நோக்கி எத்தனை நாள் வேண்டுமானாலும் நடக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | கடைசி இடைவெளி | தவறவிட்டால் | நடுவில் விலக | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு, எப்போது |
|---|---|---|---|---|---|
| ரயில் | நிலையம் பாதையில் இருந்தால் ஏறக்குறைய இல்லை | சில மணி நேரம் | தடம் இணையாக ஓடினால் மிக எளிது | ஒரே ரயிலுக்குச் செல்லும் டிக்கெட் | முதல் நெடுநடை, தனியாள், திரும்பும் நாள் நிச்சயமில்லாதவர் |
| ஊர் பஸ் | பெரும்பாலும் சிறிது | மறுநாள், சனிக்கிழமை என்றால் திங்கட்கிழமை | ஊருக்கு ஊர் முடியும் | முன்னும் பின்னும் ஓர் இரவுத் தங்கல் | அவசரமில்லாதவர், கட்டம் கட்டமாக நடப்பவர் |
| அழைப்பு வண்டி | மிகக் குறைவு | சிக்னலைப் பொறுத்தது | சிரமம் | முன்பதிவு, இடப் பற்றாக்குறை | ஒருவர் இருவர், போவதற்கு மட்டும் |
| ஷட்டில், டாக்சி | இல்லை | புதிதாகப் பணம் | சாலை தொடும் இடத்தில் | காலி இருக்கைக்கும் வாடகை | நாலு பேர், எட்டாத தொடக்க முனை |
| சொந்தக் கார் | இல்லை | பொருந்தாது | காருக்குத் திரும்பியாக வேண்டும் | நிறுத்தக் கட்டணம், திரும்பப் போய் எடுக்கும் நாள் | வட்டப் பாதை, பருவம் தவறிய நடை |

## எந்த முனையில் தொடங்குவது

எந்த வண்டி என்ற கேள்வியோடு எந்தத் திசை என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வரும். என் பதில்: அரிதாக ஓடும் வண்டி இருக்கும் முனையில் தொடங்கி, அடிக்கடி ஓடும் வண்டி இருக்கும் முனையில் முடிக்க வேண்டும். நேரம் தவறாமல் பிடிக்க வேண்டிய பஸ்ஸை, கால்கள் புதிதாக இருக்கும் முதல் நாளில் பிடித்துவிடலாம்.

குங்ஸ்லேடனில் இதைப் பொருத்திப் பார்த்தால், ரயில் இல்லாத ஹெமவானுக்கு நீண்ட பஸ் பயணம் செய்து, வடக்கே நடந்து அபிஸ்கோவில் ரயிலேறுவது சரியாக வரும். பெரும்பாலோர் செய்வது இதற்கு எதிர்த்திசை. பென்னைன் வேயிலும் அப்படியே: வடமுனையான கர்க் யெத்தமிலிருந்து கெல்சோவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ரயில் உள்ள ஊருக்கு இன்னொரு பஸ். தென்முனையில் ரயில் நிலையமே இருக்கிறது. என் விதிப்படி வடக்கிலிருந்து தெற்கே நடக்க வேண்டும். ஆனால் அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. வடக்கு நோக்கி நடந்தால் மழை முதுகில் அடிக்கும், தெற்கு நோக்கி நடந்தால் முகத்தில். பதினாறு பதினேழு நாள் முகத்தில் மழை வாங்குவதா, கடைசி நாளில் ஒரு பஸ்ஸுக்காகக் காத்திருப்பதா என்றால், நானும் விதியை மறந்துவிட்டு ஈடேலில்தான் தொடங்குவேன். கர்க் யெத்தமில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கத் தயாராக.

பசிபிக் கிரெஸ்ட் பாதையில் இப்போது இந்தக் கணக்கே மாறிவிட்டது. முன்பு வடக்கு நோக்கி நடந்தவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு எல்லையைத் தாண்டி, கனடாவில் நெடுஞ்சாலை ஓரத்து மேனிங் பார்க்கில் முடித்துப் பஸ் பிடிப்பார்கள். 2025 ஜனவரி முதல் அந்த வழியாக உள்ளே நுழையும் அனுமதியைக் கனடா நிறுத்திவிட்டது. எல்லைக் கம்பத்தைத் தொட்டுவிட்டு ஹார்ட்ஸ் பாஸ் வரை 48 கி.மீ. போலத் திரும்பி நடக்க வேண்டும். அங்கே மண் சாலை உண்டு, பொது வண்டி கிடையாது. நாலாயிரம் கிலோமீட்டர் நடந்தவர், முடிவில் யாராவது காரில் ஏற்றிக்கொள்வார்களா என்று கையை நீட்டி நிற்கிறார். தெற்கு நோக்கி நடப்பவருக்கு அந்தச் சிரமம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும்; முடிவில் கேம்போவில் வார நாள் பஸ் இருக்கிறது.

இரு முனையிலும் நடுவிலும் ரயில் உள்ள பாதை கிடைத்தால் இந்த யோசனை எதுவும் வேண்டாம். ரைன் ஆற்றை ஒட்டிய ரைன்ஸ்டைக் (பான் முதல் வீஸ்பாடன் வரை, சுமார் 320 கி.மீ.) அப்படி ஒன்று, ஆற்றின் இரு கரையிலும் ரயில் ஓடுகிறது. எந்த நாளிலும் மலைச்சரிவிலிருந்து கீழே இறங்கினால் ஒரு நிலையம். கார் இல்லாமல் முதல் முறை நெடுநடை போகிறவருக்கு நான் சொல்வது இப்படிப்பட்ட பாதையைத்தான். பஸ்ஸைப் படிக்கக் கற்றுக்கொள்வதை இரண்டாம் நடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன்னால் அஞ்சலட்டை அளவுத் தாள் ஒன்றில் பாதை சாலையைத் தொடும் ஒவ்வோர் ஊரின் பெயரையும் எழுதி, பக்கத்தில் மூன்று விவரம் குறித்துக்கொள்கிறேன்: வார நாளின் கடைசி பஸ், அதற்கு முந்தின பஸ், ஞாயிற்றுக்கிழமை உண்டா இல்லையா. கைபேசியில் அல்ல, தாளில். கண்ணாடிக் காகித உறையில் போட்டு, பையின் மேல் அறையில். நேரத்தின் பக்கத்தில் ஏதாவது எழுத்தோ நட்சத்திரமோ இருந்தால் அதன் விளக்கத்தையும் முழுசாக எழுதிக்கொள்கிறேன்.